பணிக்கர் எல்லாரும் பங்காளிங்களா? ஒரே தொழில்பேர் வச்ச பெரிய ஆளுங்க லிஸ்ட் போடுறதுக்கு முழு வழிகாட்டி

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க. பாலக்காடு ஜில்லா, ஆனா வேலந்தாவளம் செக்போஸ்ட்டத் தாண்டுனா தமிழ்நாடு, அதனால வீட்டுல தமிழ், வில்லேஜ் ஆபீஸ்ல மலையாளம், பஸ்சுல ரெண்டும். ஜூன் 19 கேரளா பூரா வாயனா தினம், அதாவது வாசிப்பு நாள், அன்னிக்கு எங்க வாயனசாலை, அதாங்க ஊர் நூலகம், அதோட சுவத்துல வருஷா வருஷம் பசங்கள வச்சு ஏதாச்சும் ஒண்ணு ஒட்டுவோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஃபோன்ல மேட்ச் பாத்துட்டு இருந்த ஒரு பொடியன் கேட்டான், "ஏனுங்ணா, ஸ்டீவ் ஸ்மித், கிரேம் ஸ்மித், வில் ஸ்மித், இவங்கெல்லாம் சொந்தக்காரங்களா?" இல்லடா, ஸ்மித்துன்னா கொல்லன், கொல்லுப்பட்டறைக்காரர்னு சொன்னேன். சும்மா விடுவானா, "அப்ப இவங்கள்ல யாருங்ணா பட்டறை வச்சிருந்தது?"ன்னான். எங்கிட்ட பதில் இல்ல.

அந்த வருஷம் இதையே போட்டுடலாம்னு இறங்குனோம். வாயனா தினமே கேரளா பூரா நூலகம் பரப்புன பி.என். பணிக்கர் இறந்த நாள்தான், பணிக்கர்ங்கறதும் ஒரு தொழில்பேரு, அதனால பணிக்கர் லிஸ்ட்டுன்னு முடிவு பண்ணி கூகுள்ல கெடச்ச எல்லா பணிக்கரையும் புடிச்சு, நடுவுல ஒரு மரம் வரைஞ்சு, கிளைக்கு ஒருத்தரா ஒட்டிட்டேன். பாக்க ஜோரா இருந்துச்சு. ரிட்டயர்டு மாஷ் (வாத்தியார்) ஒருத்தர் சாயா கிளாசோட வந்து ரெண்டு நிமிஷம் உத்துப் பாத்துட்டு, "இது யாரு வீட்டு கல்யாணப் பத்திரிகை?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவரு சொன்னது சரிதான், மரம்னு வரைஞ்சாலே ஒரே குடும்பம்னு அர்த்தம் ஆயிடுது, அதுல இருந்த பாதிப்பேருக்கு ஒருத்தருக்கொருத்தர் ஊரும் வேற, ஜாதியும் வேற, மதமே வேற.

அதுக்கப்புறம் ரெண்டு தடவ பண்ணி கத்துக்கிட்டதத்தான் எழுதறேன். ஸ்கூல் புராஜெக்ட்டா இருந்தாலும் சரி, கிளப்பு, வாயனசாலைன்னு எதுவா இருந்தாலும் சரி, மூணு வாரம் டைம் வச்சுக்கோங்க, ஒரு ஞாயித்துக்கிழமைல முடிக்கிற வேலை இல்ல.

முதல் படி: பேரைப் புடிக்கிறது

தொழில்பேரு மாதிரி தெரியறது எல்லாம் தொழில்பேரு இல்ல, அதே மாதிரி தெரியாததுல பாதி தொழில்பேருதான். இங்கிலீஷ்காரங்க பேர்ல ஃபார்மர்னு ஒண்ணு இருக்குது, விவசாயின்னு நெனச்சு நேரா எழுதிடுவோம். அந்தப் பேரு வந்த காலத்துல அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற, ஒரு தொகைக்கு குத்தகை எடுத்து வரி வசூல் பண்றவருதான் ஃபார்மர். கிங், பிஷப்புன்னு பேரு வச்சவங்க முன்னோரு ராஜாவும் இல்ல, பாதிரியும் இல்ல, பெரும்பாலும் கூத்துல அந்த வேஷம் கட்டுனவங்க, இல்லாட்டி கிண்டலுக்கு வச்ச பட்டப்பேரு. மார்ஷல்னா இன்னிக்கு பெரிய மிலிட்டரி பதவி, மொதல்ல அது குதிரை லாயத்துல வேலை செஞ்ச ஆளோட பேரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது துணி சம்பந்தப்பட்ட மூணு பேரு. ஃபுல்லர், டக்கர், வாக்கர். மூணும் ஒரே வேலை. நெய்த கம்பளித் துணிய தண்ணில போட்டு மிதிச்சு மிதிச்சு கெட்டிப்படுத்துவாங்க, அந்த வேலைக்கு இங்கிலாந்துல தென்கிழக்குல ஒரு பேரு, தென்மேற்குல ஒரு பேரு, வடக்க ஒரு பேரு. வாக்கர்னா நடக்கறவர்தான், ஆனா ரோட்டுல நடக்கறவர் இல்ல, துணி மேல நடக்கறவரு! கோயமுத்தூரு மில்லுக்கு வேலைக்குப் போற எங்க ஊர்க்காரங்களுக்கு இதச் சொன்னா சட்டுனு புரிஞ்சுச்சு.

நம்ம பக்கம் வந்தா, தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு குடும்பப்பேரே கெடையாது, அப்பா பேரோட முதல் எழுத்து மட்டுந்தான், அதனால இந்த வேலைக்கு நீங்க கொஞ்சம் எல்லை தாண்டித்தான் ஆகணும். கேரளால பணிக்கர், மேனன், எழுத்தச்சன், தரகன், வைத்தியர், ஆசான்னு கொட்டிக் கெடக்குது. எங்களுக்குப் பக்கத்துல ஒரு ஊருக்குப் பேரே மேனோன்பாறை. பம்பாய்ல பார்சிக்காரங்க கிட்ட கான்ட்ராக்டர், இன்ஜினியர்னே பேரு இருக்குது, நரி கான்ட்ராக்டர், ஃபரோக் இன்ஜினியர் ரெண்டு பேரும் இந்தியா டீம்ல ஆடுனவங்க. கேப்டனா போன நரி கான்ட்ராக்டருக்குத்தான் 1962-ல பார்படாஸ்ல சார்லி கிரிஃபித் போட்ட பந்து தலைல பட்டு மண்டையோடு ஒடஞ்சுது.

பேரு ஒண்ணு எடுத்தா, அது அந்த மொழிலயே ஒரு வேலையக் குறிச்சுதான்னு அந்த மொழி அகராதில பாருங்க. தமிழ்ல படிச்சு யூகிக்காதீங்க. நான் பணிக்கரப் பாத்தவுடனே பணி செய்யறவர், அதாவது வேலைக்காரர்னு எழுதிட்டேன். மலையாளத்துல பணிக்காரன் வேற, பணிக்கர் வேற. பணிக்கர்ங்கறது களரில, அதாவது வாள்வித்தை பழகற எடத்துல, சொல்லிக்குடுக்கற ஆசானுக்கு இருந்த மரியாதைப் பட்டம். ஜோசியம் பாக்கற கணியாரு சமூகத்துலயும் பணிக்கர் உண்டு. இலங்கைல ஏறாவூர் பக்கம் காட்டு யானை புடிக்கிறதுல பேர் போனவங்களையும் பணிக்கர்னுதான் சொல்லுவாங்க. கத்தி, ஜாதகம், யானை, மூணுக்கும் பொதுவா இருக்கறது ஒரு வித்தைல தேர்ச்சி, அவ்வளவுதான்.

ரெண்டாவது படி: பேரு எப்ப ஒறைஞ்சுதுன்னு பாருங்க

இதச் செய்யாம யாரும் லிஸ்ட் போடக்கூடாதுன்னு நான் சொல்லுவேன். ஒரு காலத்துல கொல்லன் ஜான்னா ஜான் நெசமாலுமே கொல்லன். அவன் பையன் தையல்காரன் ஆனா அவன் பேரு தையல்கார வில்லியம். அப்புறம் ஒரு கட்டத்துல பையன் என்ன வேலை செஞ்சாலும் அப்பன் பேரு ஒட்டிக்கும், அந்த நேரந்தான் பேரு ஒறையற நேரம். இங்கிலாந்துல 1066-ல நார்மன்காரங்க வந்த பின்னாடி மேல்தட்டுல ஆரம்பிச்சு, 1400 வாக்குல பெரும்பாலும் எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு. 1377, 1379, 1381-ன்னு மூணு தடவ தலைவரி போட்டாங்க, அந்த வரிக் கணக்குல ஆள் பேரும் இருக்கும், வேலையும் இருக்கும். பேரும் வேலையும் ஒண்ணா இருக்கறவங்களையும் ரெண்டும் பிரிஞ்சு போனவங்களையும் பக்கத்துல பக்கத்துல பாக்கலாம். துருக்கில இதெல்லாம் மெதுவா நடக்கல, 1934-ல சட்டமே போட்டுட்டாங்க, எல்லாரும் ஒரு குடும்பப்பேரு வச்சுக்கணும்னு.

பம்பாய்ல ஒறைஞ்ச நேரம் ஸ்கூல் அட்மிஷன் நேரம்னு வேடிக்கையா சொல்லலாம். விஜய் மெர்ச்சன்ட் பெரிய மில்லு முதலாளி குடும்பம், தாக்கர்சி வீட்டுப் பிள்ளை. ஸ்கூல்ல டீச்சர் பேரும் அப்பா தொழிலும் கேக்க, வியாபாரம்னு சொன்னது பேரோட சேந்து போச்சுன்னு சொல்லுவாங்க. டெஸ்ட் கிரிக்கெட்லயும் அந்தப் பேருதான்.

நம்ம கேரளாப் பட்டங்கள்ல கதை வேற மாதிரி. மேனன்கறது அரசர் குடுக்கற பட்டம், எழுத்து வேலை, கணக்கு வேலை பாக்கறவங்களுக்கு. பிரிட்டிஷ் காலத்து மலபார்ல கிராமத்துக்கு அம்சம்னு பேரு, ஒவ்வொரு அம்சத்துக்கும் அதிகாரி ஒருத்தர், கணக்கு எழுத மேனோன் ஒருத்தர், ஓடியாட கோல்காரன். நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் மணியகாரர், கர்ணம், தலையாரி இருந்தாங்கல்ல, அதேதான். கர்ணம் போஸ்ட்ட 1980-ல எம்ஜிஆர் ஆட்சில எடுத்துட்டு விஏஓ போட்டாங்க, ஆந்திராவுல 1984-ல என்டிஆர் எடுத்தாரு. தமிழ்நாட்டுல கர்ணம் வீடுன்னு ஊர்ல சொல்றது இன்னும் இருக்குது, ஆனா அது யாரோட சர்டிபிகேட்லயும் ஏறல. கேரளால ஏறிடுச்சு. ஒரே வேலை, இந்தப் பக்கம் பேரா ஒறைஞ்சுது, அந்தப் பக்கம் வீட்டு அடையாளமாவே நின்னுது.

மூணாவது படி: ஸ்பெல்லிங்கத் துரத்துறது

இதுலதான் ஒரு வாரம் போகும், ஆனா மஜாவும் இதுலதான். குட்டநாட்டுல காவாலம்னு ஒரு ஊரு, சுத்தியும் தண்ணி. அந்த ஒத்த ஊர்ல இருந்து மூணு பெரிய பணிக்கருங்க வந்திருக்காங்க, சரித்திர ஆசிரியரும் தூதருமான கே.எம். பணிக்கர், கவிஞர் அய்யப்ப பணிக்கர், நாடகக்காரர் காவாலம் நாராயண பணிக்கர். மலையாளத்துல மூணு பேருக்கும் ஒரே எழுத்து. இங்கிலீஷ்ல எழுதறப்போ ஒருத்தருக்கு க ஒலிக்கு ரெண்டு கே, ஒருத்தருக்கு ஒரே ஒரு கே, இன்னொருத்தருக்கு சி-யும் கே-யும் சேந்து வரும்! இங்கிலீஷ்ல ஒரு ஸ்பெல்லிங் மட்டும் போட்டுத் தேடுனா மூணுல ரெண்டு பேரு கையில சிக்கவே மாட்டாங்க. அதனால பேர மொதல்ல அதோட சொந்த எழுத்துல தேடுங்க, மலையாளம் படிக்கத் தெரிஞ்ச ஒரு பிள்ளையக் கூட வச்சுக்கோங்க, இங்க அதுக்கு ஒண்ணும் பஞ்சமில்ல.

கடல் தாண்டுனா இன்னும் மாறும். பார்சலோனாவுல 1918-ல கேரளத்து அப்பாவுக்கும் ஸ்பெயின் அம்மாவுக்கும் பொறந்தவரு ரைமோன் பணிக்கர், கத்தோலிக்க பாதிரியாரு, இந்து மதத்தையும் கிறிஸ்தவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யோசிச்ச தத்துவக்காரர். அவரு தம்பி சல்வடோரும் எழுத்தாளரு, அவரு பேர ஸ்பானிஷ் காரங்க முதல் எழுத்துக்கு மேல ஒரு கோடு போட்டு 'பா'ன்னு அழுத்திச் சொல்லுவாங்க. கேரளத்துக் களரிப் பட்டம் ஸ்பானிஷ் உச்சரிப்புல எப்படி இருக்கும்னு பசங்க ஒரு மணி நேரம் சொல்லிப் பாத்து சிரிச்சாங்க.

ஸ்மித் மாதிரி பேரு எடுத்தா ஸ்பெல்லிங்கோட நிக்காம மொழிபெயர்ப்பையும் துரத்தணும். ஜெர்மன்ல ஷ்மிட், இத்தாலியன்ல ஃபெராரி, ஃபெராரோ, தெற்கு பிரான்ஸ்ல ஃபாப்ர், ஹங்கேரில கோவாச், ரஷ்யாவுல குஸ்நெத்சோவ், அரபில ஹத்தாத், எல்லாமே கொல்லன்தான். ஃபெராரி காரு போட்டோவுக்குக் கீழ கொல்லுப்பட்டறைன்னு எழுதி ஒட்டுனோம், அன்னிக்கு வந்த சின்னப் பசங்க வேற எதையும் பாக்கல.

இப்படிச் சேத்தா எதிர்பாக்காத ஜோடி வரும், அத விட்டுடாதீங்க. ஆடம் ஸ்மித் 1776-ல எழுதுன பொருளாதாரப் புத்தகந்தான் அந்தப் படிப்புக்கே அஸ்திவாரம். ஒரு நாட்டோட மொத்த வருமானத்த எப்படிக் கணக்குப் போடறதுன்னு முறை வகுத்து 1971-ல நோபல் வாங்குனவரு சைமன் குஸ்நெட்ஸ், அந்தப் பேருக்கு ரஷ்ய மொழில கொல்லன்னே அர்த்தம். 2002-ல அதே பொருளாதார நோபல் வெர்னன் ஸ்மித்துக்கு. ஆக மூணு கொல்லனுங்க. ஆடம் ஸ்மித் புத்தகத்தோட முதல் அத்தியாயத்துலயே நெஜக் கொல்லன் வர்றாரு. பொதுவா எல்லா வேலையும் பாக்கற கொல்லன ஆணி அடிக்கச் சொன்னா ஒரு நாளைக்கு 200, 300 தாண்டாது, ஆணி மட்டுமே அடிச்சுப் பழகுன 20 வயசுகூட ஆகாத பசங்க 2,300-க்கு மேல அடிச்சாங்கன்னு எழுதியிருக்காரு. வேலையப் பிரிச்சா எவ்வளவு கூடும்ங்கறதுக்கு அவரு காட்டுற உதாரணத்துல இதுவும் ஒண்ணு. கொல்லன்னு பேரு வச்சவரு கொல்லன் வேலைய வெளிய நின்னு எண்ணிப் பாத்திருக்காரு, அவரு அப்பா கர்க்கால்டி ஊர்ல கஸ்டம்ஸ் அதிகாரி.

நாலாவது படி: ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே கேள்வி

பொறந்த வருஷம், இறந்த வருஷம், சாதனைன்னு எழுதிட்டுப் போனா அது பொது அறிவு கைடு மாதிரி ஆயிடும். நாங்க ஒவ்வொரு கார்டோட பின்னாலயும் ஒரே கேள்வி எழுதுனோம்: இந்தப் பேர்ல இருக்கற வேலைய இவரு வழியில கடைசியா செஞ்சது யாரு, அப்படி யாரும் இல்லைன்னா பேரு இவருக்கு எப்படி வந்துச்சு? பதில் கெடைக்கலைன்னா காலியா விடுங்க, இட்டுக்கட்டி நெரப்பாதீங்க.

சில கார்டுக்கு பதில் தங்கம் மாதிரி கெடைக்கும். வில்லியம் ஸ்மித்னு ஒருத்தரு, 1769-ல ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கிராமத்துல பொறந்தவரு, அவரு அப்பா அந்த ஊருக் கொல்லன். நெஜ கொல்லன் மகன் ஸ்மித்! கால்வாய் தோண்டற எடத்துல சர்வே வேலை பாத்துக்கிட்டே, பாறை அடுக்குல எந்தப் படிமம் எந்த வரிசைல வருதுன்னு கவனிச்சு, 1815-ல இங்கிலாந்து, வேல்ஸுக்கு முழு நிலவியல் வரைபடம் போட்டாரு. 1819-ல கடன் கட்ட முடியாம ஜெயிலுக்குப் போனாரு, 1831-லதான் லண்டன் நிலவியல் சங்கம் கூப்புட்டு மெடல் குடுத்துச்சு. அவருக்குப் பக்கத்துல நாங்க ஹாரிசன் ஷ்மிட் போட்டோவ ஒட்டுனோம். 1972 டிசம்பர்ல அப்பல்லோ 17-ல போயி நிலாவுல கல்லு பொறுக்குனவரு, அவரும் நிலவியல்காரர், பேருக்கு அர்த்தமும் அதே கொல்லன்.

இப்ப பணிக்கருக்கு வருவோம். ரொம்பப் பழைய கார்டு நிரணத்துக்காரங்க, திருவல்லா பக்கம் நிரணம், அங்க மாதவ பணிக்கர், சங்கர பணிக்கர், ராம பணிக்கர்னு மூணு பேரு, 14, 15-ஆம் நூற்றாண்டு. மாதவ பணிக்கர் கீதைய மலையாளத்துல எழுதுனாரு, இந்திய மொழிகள்ல வந்த ரொம்ப ஆரம்பகால கீதை மொழிபெயர்ப்புகள்ல அது ஒண்ணு. ராம பணிக்கர் ராமாயணம். அதாவது 600 வருஷத்துக்கு முன்னாடியே பணிக்கர்ங்கற பேரு வாளுக்குப் பதிலா எழுத்தாணியப் புடிச்சிருச்சு.

19-ஆம் நூற்றாண்டுக்கு ஆறாட்டுப்புழா வேலாயுத பணிக்கர், 1825-ல பொறந்தவரு. அந்தக் காலத்துல தாழ்ந்த ஜாதின்னு ஒதுக்கி வச்சிருந்த ஈழவ சமூகம். நாராயண குரு 1888-ல அருவிப்புரத்துல சிவனப் பிரதிஷ்டை பண்றதுக்கு முன்னாடியே இவரு தன் ஆளுங்களுக்குன்னு சிவன் கோயில் கட்டுனவரு, கதகளி கத்துக்க அனுமதி இல்லாத தன் ஆளுங்களுக்கு கதகளிக் குழு அமைச்சவரு, 1874-ல வெட்டிக் கொன்னுட்டாங்க. நான் முதல் வருஷம் பணிக்கர்னா நாயர் பட்டம்னு பெரிய எழுத்துல போட்டிருந்தேன் பாருங்க, அந்த வரிக்கு இந்த ஒரு கார்டு போதும். மத்தியத் திருவிதாங்கூர்ல கிறிஸ்தவப் பணிக்கர் குடும்பமும் இருக்குது.

அப்புறம் கே.எம். பணிக்கர், 1895-ல இருந்து 1963 வரைக்கும். மத்த ஊர்க்காரங்க இவர சீனாவுக்குப் போன தூதரு, கடல் வரலாறு எழுதுனவருன்னு ஒட்டலாம். எல்லைல இருக்கற நமக்கு இவரு வேற ஆளு. 1953-ல மத்திய அரசு போட்ட மாநில மறுசீரமைப்பு கமிஷன்ல மூணே மூணு பேரு, ஃபசல் அலி, ஹிருதயநாத் குன்ஸ்ரூ, மூணாவது இவரு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு, தேவிகுளமும் பீருமேடும் கேரளாவுக்குன்னு போன கோடு அந்தக் கமிஷன் ரிப்போர்ட்டுல இருந்து வந்ததுதான், 1956 நவம்பர் 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. மலபார் மெட்ராஸ விட்டுப் பிரிஞ்சதும் அன்னிக்கே. எங்க சித்தூர் தாலூகா தமிழ் பேசிக்கிட்டே கேரளாவுல நின்னுடுச்சு. இந்தக் கார்டு முன்னாடி ஒரு பெரியவரு நின்னு, "இவருதானா அது"ன்னு ஒரு மாதிரி கேட்டாரு, தேவிகுளம் பேச்ச எடுத்தா இன்னிக்கும் நம்மாளுங்களுக்கு சூடு வரும், அங்க ஒரு கால் மணி நேரம் நல்ல விவாதம். கண்காட்சின்னா அதுதான்னு தோணுச்சு.

கே.சி.எஸ். பணிக்கர் இன்னொரு எல்லை ஆளு, மலையாளி, ஆனா 1911-ல பொறந்தது கோயமுத்தூர்ல. மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்குத் தலைமை தாங்குனவரு, 1966-ல பட்டணத்துக்குத் தெக்க கடற்கரைல ஓவியருங்க தாங்களே நெலம் வாங்கி சோழமண்டல் கிராமம் அமைச்சதுக்கு முன்னாடி நின்னவரு. துணில பத்திக் டிசைன் போட்டு வித்து அந்தக் காசுல ஓவியம் வரைஞ்சாங்க, கைத்தொழில் செஞ்சு கலைய வாழ வச்ச கூட்டம். பேர்ல பணி இருக்கற ஒருத்தருக்கு இது பொருத்தமா இருக்குதேன்னு கார்டுல எழுதலாமான்னு பசங்க கேட்டாங்க, எழுதுங்கன்னுட்டேன்.

பி.என். பணிக்கர் கடைசி கார்டு. 1909-ல நீலம்பேரூர்ல பொறந்தாரு, அதுவும் குட்டநாடுதான், ஸ்கூல் வாத்தியாரு, 1945-ல 47 நூலகத்த ஒண்ணா சேத்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் ஆரம்பிச்சு அப்புறம் கேரளா பூரா பரப்புனவரு, 1995 ஜூன் 19-ல இறந்தாரு. களரில சொல்லிக்குடுத்தவங்களோட பட்டத்த வச்சிருந்த ஒருத்தரு ஊரு ஊராப் போயி எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்தாரு. எங்க கேள்விக்கு நேரடியா பதில் சொன்ன பணிக்கர் இவருதான்.

அஞ்சாவது படி: பேருக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கறவங்க

லிஸ்ட் ஓரளவு நெரம்புன பின்னாடி ஒவ்வொருத்தரையும் சந்தேகப்படுங்க. அமெரிக்காவுல 2010 சென்சஸ்ல ஸ்மித்து மட்டும் 24 லட்சத்துக்கு மேல, இத்தனை பேரு முன்னோரும் இங்கிலாந்துல சுத்தியல் புடிச்சிருக்க வாய்ப்பே இல்ல.

நியூயார்க் கவர்னர் ஆல் ஸ்மித், 1928-ல ஜனாதிபதி தேர்தல்ல நின்னு தோத்தவரு. அவரு அப்பா வழி இத்தாலிக்காரங்க, பேரு ஃபெராரோ, அமெரிக்காவுல அத அப்படியே மொழிபெயர்த்து ஸ்மித்துன்னு வச்சுக்கிட்டாங்க. கொல்லன் கொல்லனாவே கடல் தாண்டியிருக்காரு. இது ஒரு வகை.

இன்னொரு வகை கொஞ்சம் கனமானது. வெஞ்சர் ஸ்மித், ஆப்பிரிக்காவுல பொறந்தப்போ ப்ரோட்டீர், சின்ன வயசுல புடிச்சு அடிமையா அமெரிக்காவுக்குக் கொண்டு போயிட்டாங்க. வேலை செஞ்சு செஞ்சு காசு சேத்து 1765-ல தன்னைத்தானே வெலைக்கு வாங்கி விடுதலை ஆனாரு, கடைசி முதலாளி பேரு ஆலிவர் ஸ்மித், அந்தப் பேருதான் இவருக்கும் வந்துச்சு. 1798-ல தன் கதைய புத்தகமா போட்டாரு. இவரு கார்டுல "பட்டறை வச்சிருந்தது யாரு"ங்கற கேள்விக்கு நேரா வெஞ்சரோட விடுதலைக் கதையத்தான் எழுதணும். அந்தப் பொடியன் இதப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

உல்டாவா, பேர மாத்திக்கிட்டு வெளிய போனவங்களையும் உள்ள கொண்டு வாங்க. ஊமைப்பட காலத்துல உலகத்துக்கே தெரிஞ்ச மேரி பிக்ஃபோர்ட் டொரன்டோவுல கிளாடிஸ் ஸ்மித்தா பொறந்தவங்க.

கேரளா பேருங்கள்ல சந்தேகப்பட வேண்டியது இனிசியல். நமக்கு இனிசியல்னா அப்பா, அவங்களுக்கு அது முக்காவாசி வீட்டுப் பேரு, அதுவும் நாயர் குடும்பங்கள்ல அம்மா வழி தறவாட்டுப் பேரு, அதாவது பூர்வீக வீட்டுப் பேரு. வி.கே. கிருஷ்ண மேனன்ல வி-ன்னா வெங்காலில், வி.பி. மேனன்ல வி-ன்னா வாப்பால. ரெண்டுமே வி, ரெண்டுமே மேனன், குடும்பம் வேற வேற. சொந்தமா இல்லையான்னு மேனன் சொல்லாது, முன்னாடி நிக்கற எழுத்து சொல்லும். கிருஷ்ண மேனன் 1957-ல ஐநா பாதுகாப்பு சபைல காஷ்மீரப் பத்தி கிட்டத்தட்ட 8 மணி நேரம் பேசுனவரு, அவருக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்ல. வி.பி. மேனன் எங்க ஜில்லா ஒற்றப்பாலத்துக்காரரு, சாதாரண கிளார்க்கா வேலைக்குச் சேந்து மேல வந்து, பட்டேலுக்குப் பக்கத்துல உக்காந்து 550-க்கு மேல சமஸ்தானங்கள ஒவ்வொண்ணா ஒப்பந்தம் எழுதி இந்தியாவோட சேத்தாரு. ராஜாக்கள் குடுத்த கணக்குப்பிள்ளை பட்டம், அந்த ராஜாக்கள் கணக்கையே முடிச்சுருச்சு!

ஆறாவது படி: பொம்பளைங்க எங்க?

எங்க பணிக்கர் லிஸ்ட்டுல ஒரு பொம்பளை பேரு கூட இல்லைன்னு ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி கேட்டா. நியாயமான கேள்வி. பட்டம் ஆம்பளைக்குத்தான் ஒட்டுச்சு, அதே வீட்டுல பொறந்த பொண்ணு பேருக்குப் பின்னால அம்மான்னு வரும். பாலாமணி அம்மா மாதிரி கவிஞருங்கள பட்டத்த வச்சுத் தேடுனா எந்த லிஸ்ட்டுலயும் வர மாட்டாங்க. கல்யாணத்தால வந்த பேரையும் பிரிச்சுக் காட்டுங்க, அமெரிக்கால பார்லிமென்ட் மாதிரி இருக்கற ரெண்டு சபையிலயும் உக்காந்த முதல் பொண்ணு மார்கரெட் சேஸ் ஸ்மித், சேஸ் பொறந்த வீட்டுது, ஸ்மித் வீட்டுக்காரரோடது. பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்கு அது பொறந்த வீட்டுப் பேரு. நாங்க பணிக்கர் சுவத்துலயே ஒரு ஓரமா காலி ஃபிரேம் ஒண்ணு மாட்டி, ஏன் காலின்னு நாலு வரி எழுதிட்டோம், அந்த நாலு வரியும் அந்தப் பிள்ளைதான் எழுதுச்சு.

ஏழாவது படி: சுவத்துல ஏத்தறது

மரம் வரையாதீங்க, எம்பாட்ட நீங்களும் பட வேண்டாம். ஒரு நூல் கட்டி வருஷ வாரியா கார்டத் தொங்க விடுங்க, 1350-ல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும். சொந்தம்னு உறுதியாத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும் செவப்பு நூல், பணிக்கர் சுவத்துல ரைமோனுக்கும் அவரு தம்பிக்கும் போட்டோம். முப்பது கார்டுல ரெண்டு மூணு செவப்பு நூல்தான் வரும், பாக்கறவங்களுக்கு ஒண்ணும் சொல்லாமலே புரியும். கார்டு கையகலம் போதும், தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதுங்க, பேர மட்டும் அவங்க சொந்த எழுத்துலயும் போடுங்க.

கடைசில பத்துப் பதினஞ்சு வெறுங்கார்டும் ஒரு பேனாவும் கட்டி விடுங்க, வர்றவங்க தங்க வீட்டுப் பேரு, தாத்தா செஞ்ச வேலை எழுதட்டும். எங்களுக்கு வந்ததுல மணியகாரரு, செக்கு ஓட்டுனவரு, கள்ளு எறக்குனவரு, வேலந்தாவளம் சந்தைல மாட்டுத் தரகரு எல்லாம் இருந்தாங்க, முக்காவாசிப் பேரு கையெழுத்துல இனிசியல் மட்டுந்தான். பசைலயும் டேப்புலயும் ஒட்டாதீங்க, ஜூன் மாசத்து மழைல சுவரு ஓதம் காத்து ராத்திரியோட ராத்திரி எல்லாம் தரைல கெடக்கும், ஆணி அடிச்சு நூல் கட்டி துணி கிளிப்புல மாட்டுங்க. ஆணி எங்க ஊருப் பட்டறைலயே வாங்குனோம்.